அண்ணை குடுத்த சொக்

நெல்லியடி கடந்ததும் சுபாஸ்கரன் இரண்டாம் கியருக்கு இறங்கிவிட்டார். வல்லை வெளிக்கு வந்தபோது அந்த வேகமும் கூடிப்போய், முதலாம் கியர். மாரி மழை ரோட்டின் இரண்டு கரையையும் அரித்து வைத்திருந்தது. நடுவில் எஞ்சிய தாரிலும் பள்ளங்களுக்குள் தண்ணீர் நிரம்பி, எது ஆழம், எது மேலோட்டம் என்று தெரியவில்லை. பின்னால் வந்த மினிபஸ் விடாமல் கோன் அடித்தது. அவர் வழி விடவில்லை. விட்டால் கரைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் பின் சீற்றில் படுத்திருக்கும் மனைவி சிவகௌரிக்கு உயிர் போய்விடும்.

ஒரு பள்ளத்தை விலத்தக் காரை வெட்டினார். முன் சில்லு மற்றப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த கார் அடங்கவில்லை. எழும்பிக் குந்தி, மறுபடி எழும்பிக் குந்தி, கரையில் கட்டிய தோணி மாதிரி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது.

"கொஞ்சம் பொறு கௌரி. அச்சுவேலி தாண்டினால் ரோட்டு நல்லம்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னனியள்."

சிவகௌரிக்கு மார்பில் வந்த புற்றுநோய் இப்போது முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. கிழமைக்கு ஒருமுறை கரவெட்டியிலிருந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டும். படுத்தபடி கொண்டு வாருங்கள், குலுக்காதீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். குலுக்காமல் கொண்டுபோக சுபாஸ்கரனிடம் இருந்தது ஏ-40 ஒஸ்ரின் கார். அவர் பிறப்பதற்கு முன் சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கியது. பின் சீற் கட்டில் மாதிரி. காலை மடக்கினால் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். நெல்லியடிச் சந்தியில் அதை வைத்து அவர் கூலிக்கு ஓடத் தொடங்கியபோது தலையில் ஒரு நரையும் இல்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினார். பிள்ளைப்பேற்றுக்கு எத்தனை பெண்களை ஏற்றினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு பிள்ளைகள் அந்தப் பின் சீற்றிலேயே பிறந்ததும் உண்டு. அப்படிப்பட்ட காரில் தன் மனைவி முனகிக்கொண்டு கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுச் சிவதர்ஷன் வான் வைத்திருந்தான். புது வான், குளிரூட்டியும் உண்டு. "அங்கிள், அன்ரியை நான் கொண்டு போறன், ஒண்டும் யோசியாதேங்கோ" என்று வாசல் படலையில் நின்று இரண்டு தரம் கேட்டுவிட்டான்.

"என்ரை வீட்டிலை கார் நிக்கேக்கை ஏனடா தம்பி வான்?" என்று சுபாஸ்கரன் சிரித்து அனுப்பினார். உள்ளே கட்டிலில் கிடந்த சிவகௌரியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் காலமை காரை லியோனின் கராச்சுக்குக் கொண்டுபோனார். லியோன் நெல்லியடியில் தகரக் கொட்டகைக்குள் வேலை செய்கிறவன். காரின் முன்பக்கத்தைக் கையால் ஒருமுறை அமத்தி விட்டான். கார் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஜக்கை வைத்து உயர்த்தி, முன் சில்லைக் கழற்றி, உள்ளே கைவிட்டுப் பார்த்தான். குலுக்கத்தைத் தாங்குகிற சொக்கிலிருந்து ஒழுகிய ஒயிலோடு கை வந்தது.

"சொக் செத்துப்போச்சு அண்ணை. நாலும்."

"ஒயில் சீலை மாத்து."

"போன வருசமும் மாத்தினது. உள்ளுக்கை தண்டு தேஞ்சுபோச்சு. புது சீல் போட்டாலும் ஒயில் நிக்காது."

"அப்ப வேறை சொக் போடு. இப்பத்தைய கார்களிலை குழாய் மாதிரி வருதே, அதிலை ஒண்டு பாத்து."

"பின்னுக்கு வெல்ட் பண்ணிப் போடலாம். முன்னுக்கு எப்பிடிப் போடுறது? இஞ்சை வந்து பாருங்கோ." லியோன் ரோர்ச்சை அடித்துக் காட்டினான். "இந்தக் காருக்கு சொக்கின்ரை கைதான் சில்லை மேலாலை பிடிச்சுக்கொண்டு நிக்குது. சொக்கைக் கழட்டினால் சில்லும் கழண்டு விழும். இதே சொக் வேணும். இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது."

இதே சொக். சுபாஸ்கரன் ஒன்றைக் கழற்றி எடுத்து, பேப்பரில் சுற்றி, உரப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். கடைக்காரப் பெடியன்கள் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, கூட நின்றவனுக்கும் காட்டினார்கள். ஒருவன் போனில் படம் எடுத்தான்.

"ஐயா, இது என்ன வாகனத்தின்ரை?"

"ஒஸ்ரின். ஏ-40."

"அது இன்னும் ஓடுதோ?"

சுன்னாகத்தில் பழைய இரும்பு வாங்குகிற வளவொன்றில், நெருஞ்சியும் தொட்டாச்சிணுங்கியும் மூடிக்கிடந்த குவியலுக்குள் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினார். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மழைத்தூறலில், கியர்பெட்டிகளையும் றேடியேற்றர்களையும் புரட்டினார். முழங்காலில் தகரம் வெட்டியதுதான் மிச்சம். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் உதிரிச் சாமான் விற்கிற ஒருவனுக்குப் போன் போட்டார். இருக்கிறது என்று சொல்லி அவன் பஸ்ஸில் அனுப்பிய பார்சலை அவிழ்த்தால், மொறிஸ் மைனர் காரின் சொக். பார்க்க ஒன்றுதான். துளைக்குத் துளை வைத்துப் பார்த்தபோது விரல் அகலம் விலகி நின்றது.

கனடாவிலிருந்த மகள் ஆரபியிடம் சொன்னார். அவள் இன்ரநெற்றில் தேடி, இங்கிலாந்தில் ஒரு இடத்தில் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள் என்றாள். ஆனால் பழையதை முதலில் அவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றது வருமாம்.

"எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"இரண்டு மாதம் எண்டினம். அப்பா, அம்மாவுக்கு வானைப் பிடியுங்கோவன். ஏன் உப்பிடிக் கிடந்து அலையிறியள்?"

"உனக்கு விளங்காது" என்று போனை வைத்தார்.

லியோன் முன்பக்கத்துக்குப் பழைய சொக்கையே திரும்பப் பூட்டி, பின்பக்கத்துக்கு ஒரு சின்ன லொறியின் சொக்கைப் பொருத்தி, இரும்புத் தகடு வெட்டி வெல்ட் அடித்துத் தந்தான். அதோடு அந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்பக்கம் தோணி மாதிரி ஆட, பின்பக்கம் கல்லு மாதிரி நின்றது. திரும்பி வரும்போது சிவகௌரி இரண்டு முறை சத்தி எடுத்தாள். வீட்டில் அவளைத் தூக்கிக் கட்டிலில் விட்டு, முகத்தைத் துடைத்து, கஞ்சித் தண்ணியை உப்புப் போட்டுக் கரண்டியால் பருக்கினார். இரண்டு மிடறு குடித்தாள்.

"முந்தி ஆட்டினது. இப்ப குத்துது" என்றாள்.

அடுத்தநாள் லியோனிடம் போய், பின்பக்கத்து லொறிச் சொக்கைக் கழற்றச் சொன்னார். லியோன் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தான்.

"அண்ணை, நான் சொல்லுறனெண்டு கோவிக்காதேங்கோ. அச்சுவேலியிலை ஒண்டு நிக்குதெல்லே. ஊர் முழுக்கத் தேடுறியள், அங்கை மட்டும் போகேல்லை."

 அந்தக் காரைச் சுபாஸ்கரன் முதல் நாளே நினைத்தார். நினைத்துத்தான் ஸ்ரான்லி வீதிக்குப் போனார்.

அச்சுவேலியில் நின்றது முருகேசுவின் கார். முருகேசு சிவகௌரியின் ஒரே அண்ணன். தாயும் தகப்பனும் போன பிறகு அவளை வளர்த்து, கட்டிக்கொடுத்ததும் அவர்தான். ஒரு காலத்தில் மச்சானும் மச்சானும் ஒரே மாதிரிக் காரை வைத்துக்கொண்டு ஒரே சந்தியில் ஓடியவர்கள். ஒருவரின் காருக்கு ஒன்று உடைந்தால் மற்றவர் கழற்றிக் கொடுப்பார்.

ஆரபியின் கலியாணத்தில் அது முறிந்தது. மாப்பிள்ளை கனடா. மாமன் காரில்தான் பொம்பிளை கோயிலுக்குப் போவாள் என்று முருகேசு தன் காருக்குப் புதுப் பெயின்ற் அடித்து, சீற்றுக்கு வெள்ளைத்துணி தைத்து, முன்னுக்குப் பூமாலை கட்டி, கரவெட்டிக்கு விடியவே வந்து நின்றார். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பிடித்த புது வெள்ளைக் கார் நின்றது. சுபாஸ்கரனுக்கு முதல்நாளே தெரியும். மச்சானுக்குச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்வோம், பிறகு சொல்வோம் என்று விட்டுவிட்டார். வீடியோக்காரன் வந்து, "அந்தப் பழங் காரை ஆரும் எடுங்கோ, படத்துக்குள்ளை விழுது" என்றான். மாப்பிள்ளையின் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுபாஸ்கரன் மச்சானிடம் போய், "மச்சான், கொஞ்சம் தள்ளி விடுங்கோ" என்றார்.

முருகேசு காரை எடுத்தார். தள்ளி விடவில்லை. நேரே அச்சுவேலிக்கு ஓட்டிப்போய் வளவுக்குள் விட்டவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கார் ரோட்டுக்கு வரவில்லை, அவரும் கரவெட்டிப் பக்கம் வரவில்லை. தங்கச்சிக்குப் புற்றுநோய் வருத்தம் என்று கேள்விப்பட்டு மனைவி கமலாவதியை மட்டும் இரண்டு முறை அனுப்பினார். அவள் வெங்காயமும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்து, கட்டிலடியில் இருந்து அழுதுவிட்டுப் போனாள்.

சுபாஸ்கரன் சிவகௌரிக்குச் சொல்லாமல், லியோனைக் கூட்டிக்கொண்டு அச்சுவேலிக்குப் போனார்.

மழை விட்டிருந்தது. முருகேசு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விதை வெங்காயப் பிடிகளைக் காற்றுப்படக் கயிற்றில் தூக்கிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டும் வேலையை நிறுத்தவில்லை.

"வாரும்" என்றார். இருக்கச் சொல்லவில்லை.

"மச்சான், கௌரிக்கு..."

"தெரியும்."

"காரிலை சொக் இல்லை. குலுக்கத்தாலை சரியாய்க் கஷ்டப்படுறாள். எல்லா இடமும் தேடிப்போட்டன்."

"எல்லா இடமும் தேடிப்போட்டுக் கடைசியாய்த்தான் இஞ்சை வாறீரோ?" முருகேசு ஒரு பிடி வெங்காயத்தை முடிந்து தொங்கவிட்டார். "அவள் சொல்லி விட்டவளோ, நீராய் வந்தனீரோ?"

"நானாய்த்தான். அவளுக்குத் தெரியாது."

"அண்டைக்கு என்னட்டை என்ன சொன்னனீர், ஞாபகமிருக்கோ?"

சுபாஸ்கரன் நிலத்தைப் பார்த்தார். லியோன் கொஞ்சம் தள்ளிப்போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லும், பாப்பம். இவனும் கேக்கட்டும்."

"மச்சான், அது அண்டைய நேரம்..."

"சொல்லும்."

"காரைத் தள்ளி விடுங்கோ எண்டனான்."

"ம்." முருகேசு கையிலிருந்த தும்பைத் தட்டினார். கமலாவதி இரண்டு கோப்பையில் பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து நீட்டினாள். சுபாஸ்கரன் ஒரு மிடறோடு கோப்பையைக் கீழே வைத்தார். முருகேசு தொடர்ந்தார். "நான் அவளைத் தோளிலை காவி வளத்தவன். அவளின்ரை பிள்ளை என்ரை காரிலை ஏறிறது உமக்கு வெக்கமாய்க் கிடந்தது. இப்ப அதே காரின்ரை சாமான் வேணும். சரி. தங்கச்சிக்கெண்டால் என்ரை கையைக் கழட்டிக் கேட்டாலும் தருவன். உமக்கெண்டால் ஒரு ஆணியும் தரன். விளங்குதோ? போய்க் கழட்டும்."

காரை மூடியிருந்த தறப்பாளை இழுத்தபோது சுபாஸ்கரன் திகைத்துப்போனார். கார் அந்தக் கலியாணத்தன்று இருந்த மாதிரியே இருந்தது. துரு இல்லை, தூசி இல்லை. லியோன் முன்பக்கத்தை அமத்தி விட்டான். ஒருமுறை கீழே போய், எழும்பி, அப்படியே நின்றது.

"அம்மாடி!" என்றான் லியோன்.

"மாதா மாதம் ஒயில் பாக்கிறனான்" என்றார் முருகேசு.

கழற்றக் கழற்றக் கார் குந்தியது. முன் இரண்டு சில்லும் பிடி விட்டு வெளிப்பக்கமாய்ச் சரிந்தன. அடியில் பனங்குற்றி வைத்து நிறுத்தினார்கள். நாலு சொக்கையும் உரப் பையில் போடும்வரை முருகேசு பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தறப்பாளை அவரே இழுத்து மூடினார்.

"எல்லாம் எடுத்தாச்செண்டால் கொண்டுபோய்ப் பூட்டும்" என்றார். 

அன்று பின்னேரமே லியோன் பூட்டித் தந்தான். சுபாஸ்கரன் வேண்டுமென்றே வல்லை வெளி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். பள்ளத்தில் விட்டும் பார்த்தார். கார் தணிந்தது, எழும்பியது, அடங்கியது. அச்சுவேலியில் பட்ட அவமானமெல்லாம் ஒரு கணம் மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து, கட்டிலடியில் குந்திக்கொண்டு, சின்னப் பெடியன் மாதிரிச் சொன்னார்.

"கௌரி, இனிப் பயமில்லை. மடியிலை தண்ணி வைச்சாலும் தளம்பாது."

"எங்கை எடுத்தனியள்?"

"அச்சுவேலியிலை."

சிவகௌரி தலையைத் திருப்பினாள். கண் விரிந்தது. "அண்ணை தந்தவரோ? என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. தந்தவர்."

"வாறனெண்டு சொன்னவரோ?"

"இல்லை."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். வெளியே தாழ்வாரத்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ. இந்த வருத்தம் வந்த நாளிலையிருந்து நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. நாளைக்கு ஒருக்கால் போய் அண்ணையைக் கூப்பிடுங்கோ. கௌரி வரட்டாம் எண்டு சொன்னால் காணும். இந்தக் காரிலையே ஏத்திக்கொண்டு வாங்கோ. நாளையிண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை அவர் பக்கத்திலை இருந்தால் எனக்கு நோகாது."

"ஓம்" என்றார் சுபாஸ்கரன்.

மறுநாள் போனார். வழி நெடுக என்ன சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். கௌரி வரட்டாம். இரண்டு சொல்தான். அச்சுவேலிச் சந்தை தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பி, மூலைக்கு வந்தபோது, முருகேசுவின் படலை தெரிந்தது. படலையடியில் முருகேசு நின்றார். வெள்ளை வேட்டி, சேட்டு, தோளில் சால்வை. நெற்றியில் திருநீறு. ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

சுபாஸ்கரனின் கால் பிரேக்கில் போயிற்று. வருவேனென்று தெரிந்து காத்துக்கொண்டு நிற்கிறார், இன்றைக்கும் என்னைச் சொல்லவைக்கத்தான் உடுத்திக்கொண்டு நிற்கிறார் என்று மனம் சொல்லிற்று. நேற்றுக் கேட்ட "சொல்லும், பாப்பம்" இன்னும் காதுக்குள் இருந்தது. நேற்று லியோன் மட்டும்தான் கேட்டான். இன்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும். கை தன்பாட்டில் ஸ்ரியறிங்கை வெட்டிற்று. பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, காரைத் திருப்பினார். சந்தையடியில் நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடித்தார். அதையும் பாதியில் வைத்தார். திரும்பவும் போவமோ என்று நினைத்தார். போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிவகௌரி வாசலைத்தான் பார்த்தாள்.

"அவர் வீட்டிலை இல்லை. வன்னிப் பக்கம் போட்டாராம்."

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டிலை."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். இரவு பிட்டும் சொதியும் பிசைந்து கொண்டுபோனார். வேண்டாமென்று கையால் காட்டினாள்.

காலமை அவர் காரைத் துடைத்து, பின் சீற்றில் மெத்தையும் தலையணையும் போட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அப்போது படலையடியில் சிவதர்ஷனின் வான் வந்து நின்றது.

"இவனை ஆர் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றாள் சிவகௌரி. சேலை உடுத்து, தலை இழுத்து ஆயத்தமாக இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் உதவியிருக்க வேண்டும்.

"என்ன கௌரி, விசரே? கார் இப்ப பஞ்சு மாதிரி ஓடுது. ஏறிப் பாத்திட்டுச் சொல்லு."

"நேற்று அண்ணி போன் எடுத்தவ." குரல் மெல்லியதாக இருந்தது. கோபமில்லை. "முந்தநாள் பின்னேரம் நீங்கள் காரை ஓட்டிப் பாக்கப் போன நேரம், அண்ணி போன் போட்டுத் தர நான் அண்ணையோடை கதைச்சனான். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு. வருவன், ஆனால் உன்ரை மனுசன் வந்து ஒரு சொல்லுக் கூப்பிடட்டும் எண்டவர். விடியக் குளிச்சு வேட்டி கட்டிக்கொண்டு படலையடியிலை நிண்டவராம். மூலையிலை கார் வந்து திரும்பிப் போச்சுதாம். அந்தக் காரை மற்ற ஆக்களுக்குத் தெரியாமல் போகலாம். அண்ணைக்குத் தெரியாதோ?"

சுபாஸ்கரன் வாசலில் நின்ற வானைத் திரும்பிப் பார்த்தார். முந்தநாள் அவள் எல்லாம் தெரிந்துகொண்டா எங்கே எடுத்தனியள் என்று கேட்டாள்? அண்ணனைக் கூப்பிடும் பேச்சு அவர் வாயாலேயே வரட்டும் என்றா கேட்டாள்?

"கௌரி, நான் உனக்காகத்தானே நாயாய் அலைஞ்சனான். முழங்காலைப் பார். சுன்னாகம், யாழ்ப்பாணம், கொழும்பு..."

"அலைஞ்சியள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. எனக்கு வேண்டியதை ஒரு நாள் கேட்டனியளோ? சிவதர்ஷன் வந்து கேக்கேக்கை என்னட்டைக் கேட்டனியளோ? இரும்பைக் கேக்க அண்ணையின்ரை வாசலுக்குப் போக ஏலும். ஆளைக் கேக்க ஏலாது." மூச்சு வாங்கினாள். "தம்பி சிவதர்ஷன், என்னைக் கொஞ்சம் பிடி அப்பன்."

அவன் சுபாஸ்கரனைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, அவளைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போனான். வானின் சீற்றைச் சரித்துப் படுக்க வைத்தான். சுபாஸ்கரன் பின்னால் போய் ஏறப் பார்த்தார்.

"நீங்கள் காரிலை வாங்கோ" என்றாள். "இதிலை அண்ணைக்கு இடம் வேணும்."

வான் முன்னே போக, அவர் ஏ-40இல் பின்னே போனார். பக்கத்தில் மருந்துப் பையும் சுடுதண்ணிப் போத்தலும். பின் சீற்றில் மெத்தை விரித்தபடி கிடந்தது. வல்லை வெளியில் வான் விழுந்து எழும்பிப் போவதை முன் கண்ணாடி வழியே பார்த்தார். அது விழுகிற ஒவ்வொரு இடத்திலும் அவரின் கால் பிரேக்கை மிதித்தது. கொஞ்சத்தால் அவரின் கார் அதே இடத்தில் இறங்கி, ஏறி, ஒன்றும் நடக்காத மாதிரிப் போயிற்று. கோன் அடித்து வானை நிறுத்தலாமோ என்று நினைத்தார். நிறுத்தி என்ன சொல்வது?

அச்சுவேலியில் முருகேசு ஒழுங்கை வாசலுக்கே வந்து நின்றார். வான் நின்றதும் கதவு திறந்தது. கிழவர் குனிந்து ஏறும்போது சால்வை நழுவி நிலத்தில் விழுந்தது. சுபாஸ்கரன் இறங்கி ஓடிப்போய் அதை எடுத்து நீட்டினார். "மச்சான்" என்றார். முருகேசு சால்வையை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே தங்கச்சியின் தலையை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சிவகௌரி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கதவு இழுபட்டு மூடிற்று.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வானை நேரே உள்ளே விட்டார். பின்னால் வந்த ஏ-40க்குக் கையைக் காட்டி மறித்தார். குனிந்து, பின் சீற்றையும் மெத்தையையும் பார்த்தார்.

"வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ ஐயா?"

"இல்லை" என்றார் சுபாஸ்கரன்.

"அப்ப உள்ளுக்கை விடேலாது. அந்த மரத்தடியிலை விட்டிட்டு நடந்து வாங்கோ."

அவர் காரைப் பின்னுக்கு எடுத்து மரத்தடியில் விட்டார். என்ஜினை நிறுத்தினார். கிழமைக்குக் கிழமை வருகிற இடம்தான், ஆனால் இன்று வான் எந்தக் கட்டடத்துப் பக்கம் போனது என்று அவர் கவனித்திருக்கவில்லை.